டயர் காற்று கேள்வி–பதில்: சென்சாருக்கு முன்னால் வால்வைப் பாருங்கள்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரின் காற்றழுத்தத்தைக் கைப்பிடி அருகில் காட்டும் கருவி டிபிஎம்எஸ். அந்த அழுத்தத்தை அளக்கும் அலகுதான் பி.எஸ்.ஐ. முதலில் காரில் வந்த இந்தக் கருவி இப்போது டூவீலருக்கும் வந்துவிட்டது. அதைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மஞ்சக்குப்பம் வாசகர்: தினமும் 125 சிசி பைக்கில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். டியூப்லெஸ் டயர். வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சார், ரிம்முக்குள் வைக்கும் சென்சார் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு மூடி வகையே போதும். வால்வு மூடியைக் கழற்றிவிட்டு அதே மரையில் திருக வேண்டியதுதான். எடை 8 முதல் 12 கிராம். உள்ளே அழுத்தம் அளக்கும் சில்லு, சிறிய டிரான்ஸ்மிட்டர், ஒரு பட்டன் பேட்டரி, அவ்வளவே. பேட்டரி தீர்ந்தால் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் இதன் குறை. கல் படும், மழையும் உப்புக் காற்றும் படும், ஸ்டாண்டில் விட்டால் யாராவது கழற்றிக்கொண்டு போகலாம், ஒவ்வொரு முறை காற்றடிக்கும்போதும் எடுத்து மாட்ட வேண்டும்.

உள் வகை வால்வின் அடியோடு சேர்ந்து ரிம்முக்குள் உட்காரும். டயரை இறக்கினால்தான் பொருத்த முடியும். வால்வோடு சேர்த்து 25 முதல் 40 கிராம் வரை வருவதால் வீல் பேலன்ஸ் மறுபடி பார்க்க வேண்டும். பேட்டரி சீல் வைத்தது. ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஓடும், தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். டயருக்குள் இருக்கும் காற்றின் சூட்டை நேரடியாக அளப்பது இதன் பெரிய பலம். மூடி வகை காட்டும் வெப்பநிலையில் வெளிக்காற்றின் குளிர்ச்சியும் கலந்திருக்கும். அந்த எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். நெடுந்தூரம் போகிறவர்கள், எப்படியும் டயர் மாற்றப்போகிறவர்கள் உள் வகையை யோசிக்கலாம்.

எதை வாங்கினாலும் முதலில் குனிந்து வண்டியின் வால்வைப் பாருங்கள். கறுப்பு ரப்பர் தண்டாக இருந்தால், மூடி வகை சென்சாரை வாங்கும் அன்றே உலோக வால்வுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். ஏன் என்பதற்கு அடுத்த கடிதமே சாட்சி.

பாகூர் வாசகர்: மூடி வகை சென்சார் மாட்டி நான்கு மாதம் ஆகிறது. இப்போது பின் டயரில் இரண்டு நாளுக்கு 3, 4 பி.எஸ்.ஐ. இறங்குகிறது. பஞ்சர் கடையில் டயரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டு ஓட்டை இல்லை என்கிறார்கள். சென்சார் தப்பாகக் காட்டுகிறதா?

பதில்: சென்சார் சரியாகத்தான் சொல்கிறது. காற்று வால்வு வழியாகப் போகிறது. கடையில் முக்கும்போது சென்சாரைக் கழற்றி மூடி போட்டிருப்பார்கள், கசிவு நின்றிருக்கும்.

இரண்டு இடங்களைச் சந்தேகப்படுங்கள். முதலாவது, சென்சாருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். வால்வின் நடுவில் இருக்கும் சின்ன ஊசியை, அதாவது வால்வு பின்னை, சாதாரண மூடி தொடாது. சென்சார் அப்படியல்ல, பின்னை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கும், இல்லாவிட்டால் அதற்கு அழுத்தம் தெரியாது. ஆக, சென்சார் மாட்டிய பிறகு உங்கள் டயருக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே இருப்பது அந்தச் சின்ன வாஷர் மட்டுமே. அதில் மணல் ஒட்டினாலும், கோணலாகத் திருகினாலும், நாளாகி இறுகிப்போனாலும் கசியும்.

இரண்டாவது, ரப்பர் தண்டின் அடிப்பகுதி. இதுதான் ஆபத்தானது. 17 அங்குல வீல், 80 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வீல் நொடிக்குச் சுமார் 12 சுற்று சுற்றும். அச்சிலிருந்து 18 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் வால்வு முனையில் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 100 மடங்கு இழுப்பு இருக்கும். 10 கிராம் சென்சார் 1 கிலோ கல்லைப் போலத் தண்டின் தலையில் உட்கார்ந்து ரிம் பக்கமாக அழுத்தும். மேடு பள்ளத்தில் தண்டு பக்கவாட்டில் ஆடும், வளையும். ரிம் துளையை விட்டு வெளியே வரும் இடத்தில் முதலில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, பிறகு கசிவு, கடைசியில் ஒருநாள் தண்டே கிழியும். தண்டு கிழிந்தால் காற்று சில நொடிகளில் காலி.

சோதனை எளிது. சென்சார் மாட்டியபடியே சோப்புத் தண்ணீரை வால்வு முழுக்க ஊற்றுங்கள். சென்சார் விளிம்பில் குமிழி வந்தால் வாஷர் கோளாறு. சுத்தம் செய்து மாட்டுங்கள், நிற்காவிட்டால் வாஷரை மாற்றுங்கள். பிறகு தண்டை விரலால் மெல்ல ஒவ்வொரு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். அடியில் குமிழியோ வெடிப்போ தெரிந்தால் அந்த வால்வோடு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

மாற்றாக, நட்டு போட்டு இறுக்கும் உலோக வால்வு கேளுங்கள். ரிம் துளை எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. 11.5 மி.மீ. அருகில் ஒரு வகை, 8.3 மி.மீ. ஒரு வகை, வேறு அளவுகளும் உண்டு. பழைய வால்வை எடுத்ததும் துளையை வெர்னியர் அளவுகோலில் அளந்து வாங்குவதே சரி. பெரிய துளையில் சின்ன வால்வை வைத்து வாஷரால் சமாளிக்க விடாதீர்கள். துளையின் விளிம்பில் பிசிறு, துரு, பழைய ரப்பர் இருந்தால் தேய்த்துத் துடைத்த பிறகே வாஷரைப் பொருத்த வேண்டும். நட்டை ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். பலம் காட்டி இறுக்கினால் வாஷர் பிளந்துவிடும்.

தேவனாம்பட்டினம் வாசகர்: கடலோர வீடு. சென்சார் வால்வில் அப்படியே இறுகிவிட்டது. பிளையரால் திருப்பினால் வால்வும் சேர்ந்து திரும்புகிறது.

பதில்: உடனே நிறுத்துங்கள். வால்வு திரும்பினால் அடி ரப்பர் அறுந்துவிடும்.

நம் கடற்கரைப் பக்கத்தில் இந்தக் கோளாறு அதிகம் வரும். வால்வு பித்தளை. பல சென்சார்களின் மரையோ, திருட்டைத் தடுக்கக் கொடுக்கும் அறுகோண நட்டோ அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். மரைக்குள் வெள்ளைப் பொடி நிரம்பி இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

கழற்றும் முறை: முதலில் அந்த அறுகோண நட்டு சென்சாரின் அடியில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். சென்சாரைப் பிடித்துக்கொண்டு, கூடவே வந்த ஸ்பேனரால் நட்டை ரிம் பக்கமாக இறக்கினால்தான் சென்சார் கழலும். பலர் இதை மறந்துவிட்டு சென்சாரைத் திருகி உடைக்கிறார்கள். அடுத்து, துருவை இளக்கும் ஸ்ப்ரேயை ஒரு துணியில் நனைத்து மரையைச் சுற்றி வைத்து அரை மணி நேரம் விடுங்கள். ஒரு கையில் பிளையரின் வாயில் துணி சுற்றி வால்வுத் தண்டை இறுகப் பிடியுங்கள். மறு கையால் சென்சாரைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்து அசைத்து இளக்குங்கள். இரண்டு மூன்று முறை முயன்றும் வரவில்லை என்றால் பஞ்சர் கடைக்குப் போய் வால்வோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். சென்சாரைக் காப்பாற்றப் போய் வழியில் வால்வை இழக்க வேண்டாம். கழன்றுவிட்டால், ஸ்ப்ரேயை முழுக்கத் துடைத்துவிட்டு உள் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிவிடும்.

இனி வராமலிருக்க: மரையில் சிலிக்கான் கிரீஸ் பொட்டு அளவு தடவுங்கள். இன்ஜின் ஆயில், வாசலின் வேண்டாம், அவையும் ரப்பரைக் கெடுக்கும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து மாட்டுங்கள். சில்வர் பீச் மணலிலோ துறைமுகப் பக்கத்திலோ போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வாங்கும்போதே உள்மரை பித்தளையாக உள்ள சென்சாரைக் கேட்டு வாங்குங்கள்.

லாஸ்பேட்டை வாசகர்: காலையில் கிளம்பும்போது 30 காட்டியது. ஈ.சி.ஆரில் மரக்காணம் தாண்டியதும் மதிய வெயிலில் 34.5. பங்க்கில் இருந்த பையன் "காத்து ஜாஸ்தி, இறக்கிடவா அண்ணா?" என்றான். இறக்கவில்லை. செய்தது சரியா?

பதில்: மிகச் சரி. வண்டி ஸ்டிக்கரில் உள்ள எண், டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அழுத்தம். மூன்று மணி நேரமாவது நிழலில் நின்ற வண்டியில்தான் அதை ஒப்பிட வேண்டும். காலையில் டயர் 28 டிகிரி, மதியம் 58 டிகிரி என்றால், 30 பி.எஸ்.ஐ. தானாகவே 34.5 ஆகும். நம் டயர்களின் அழுத்தத்தில், 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ 1.5 பி.எஸ்.ஐ. கூடும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் சொன்னபடி சூட்டிலேயே 30க்கு இறக்கியிருந்தால் மறுநாள் காலை உங்கள் டயரில் 26தான் இருந்திருக்கும். காற்றுக் குறைந்த டயர் அதிகமாகப் பிதுங்கும், பிதுங்குவதால் இன்னும் சூடாகும். நெடுஞ்சாலையில் வெடிக்கும் டயர்களில் பல இப்படிக் குறைந்த காற்றில் ஓடியவையே.

நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டுக்கு ஏறும் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. நைட்ரஜனில் ஈரம் இல்லை என்பது உண்மையான நன்மை. ரிம்முக்குள் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு அது கொஞ்சம் உதவும்.

இன்னொரு விஷயம். பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள்களில் கம்பெனியே பொருத்தும் கருவி, அளந்த அழுத்தத்தை 20 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்டே காட்டும். அதனால் அந்த வண்டிகளில் திரையில் ஒரு எண்ணும், பங்க்கில் காற்றை அளக்கும் கேஜில் வேறு எண்ணும் வரும். இரண்டும் சரியே. நாம் கடையில் வாங்கும் சாதாரணக் கருவிகள் இப்படி மாற்றுவதில்லை, அந்த நேரத்து அழுத்தத்தை அப்படியே காட்டும்.

நெய்வேலி வாசகர்: நண்பர்களோடு ஊட்டி போனோம். விடிகாலையில் சென்சார் 28 என்றது, கையில் கொண்டுபோன கேஜ் 31 என்றது. ஊரில் இரண்டும் ஒரே எண் காட்டியவை. எது பழுது?

பதில்: இரண்டும் பழுதில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ.; அங்கே 11.2 அளவுதான். கேஜ் காட்டுவது டயருக்கு உள்ளும் வெளியும் உள்ள வித்தியாசத்தை. பல சென்சார்கள் உள்ளிருக்கும் மொத்த அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து கடல் மட்டத்து 14.7ஐ மட்டும் கழித்துக் காட்டுகின்றன. மலை ஏறியதை அவை அறியாது. நீங்கள் பார்த்த 3 பி.எஸ்.ஐ. வித்தியாசம் ஏறத்தாழ அந்த 3.5 தான். குளிரில் உள் அழுத்தம் இறங்கியது தனிக் கணக்கு. சமவெளியில் 30 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. இருந்த டயர், 15 டிகிரியில் சென்சார் கணக்கில் 28க்கு வந்துவிடும். மலையில் கேஜை நம்புங்கள். சென்சார் குறைச்சலாகக் காட்டுகிறதே என்று அங்கே காற்று அடைக்காதீர்கள். இறங்கி வந்ததும் சூட்டில் அது அதிகமாகிவிடும்.

அரியாங்குப்பம் வாசகி: புதுக் கருவி மாட்டிய நிமிடத்திலிருந்து முன் டயருக்கு அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. காற்று சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: பல கருவிகள் காருக்கான எண்களோடு பெட்டியிலிருந்து வருகின்றன. கீழ் எல்லை 26 என்று வைத்திருப்பார்கள். உங்கள் முன் டயருக்குத் தேவையே 25 என்றால் அது கத்தத்தான் செய்யும். சத்தம் தாங்காமல் அலாரத்தையே அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்புறம் கருவி எதற்கு?

எல்லையை நீங்களே வையுங்கள். ஸ்டிக்கர் சங்கிலி மூடியிலோ, ஸ்விங் ஆர்மிலோ, சீட்டுக்கு அடியிலோ இருக்கும். உதாரணமாக அதில் முன் 25, பின் தனியாக 29, இருவர் போனால் 33 என்று இருந்தால்: கீழ் எல்லை முன்னுக்கு 22, பின்னுக்கு 26. அதாவது பத்து சதவீதம் குறைந்தால் தெரிய வேண்டும். மேல் எல்லையில் சூட்டுக்கு 5, அதற்கு மேல் கொஞ்சம் இடம் என்று விடுங்கள்: முன்னுக்கு 33, பின்னுக்கு 42. பின் டயரின் மேல் எல்லையை எப்போதும் இருவர் கணக்கில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ஆள் ஏறும் நாளெல்லாம் அலாரம்தான்.

அலகையும் பாருங்கள். ஸ்டிக்கரில் 200 கே.பி.ஏ. என்றால் 29 பி.எஸ்.ஐ. 225 என்றால் 33க்குக் கொஞ்சம் கீழே. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ.; ஒரு பார் என்பது 14.5. திரையில் 2.0 என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது பார் அலகில் இருக்கிறது, செட்டிங்கில் மாற்றலாம்.

பரங்கிப்பேட்டை வாசகர்: எங்கள் பக்கம் சீமைக் கருவேல முள் தொல்லை. பஞ்சர் ஆகாமலிருக்க டயரில் ஜெல் ஊற்றியிருக்கிறேன். சென்சார் ஒரு வாரமாக 30லேயே நிற்கிறது. ஜெல் நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். காலையில் ஒரு எண்ணும் ஓடி நிறுத்தியதும் வேறு எண்ணும் காட்டுவதுதான் உயிருள்ள சென்சார். வாரக்கணக்கில் அசையாமல் ஒரே எண் என்றால் ஜெல் வால்வுக்குள் ஏறிச் சென்சாரின் மூச்சுத் துளையை அடைத்திருக்கிறது. அடைப்புக்கு மேலே சிக்கிய காற்றைத்தான் அது அளந்துகொண்டிருக்கிறது. டயர் தட்டையானாலும் 30 என்றே சொல்லும். சென்சார் இல்லாமல் ஓட்டுவதைவிட இது மோசம்.

வீலைச் சுழற்றி வால்வு மேலே வருமாறு நிறுத்தி, ஜெல் கீழே வடியப் பத்து நிமிடம் விடுங்கள். சென்சாரைக் கழற்றி, வால்வு பின் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வால்வு பின்னைக் கழற்றி மாற்றுவது நல்லது, ஜெல் ஒட்டினால் அந்த ஊசி சரியாக மூடாது. சென்சார் துளையில் ஊசி விடாதீர்கள், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். எண் நகரவில்லை என்றால் புதுச் சென்சார்தான். ஜெல்லும் சென்சாரும் சேர்ந்து வேண்டும் என்பவர்கள் மூடி வகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போதெல்லாம் வால்வு மேல்பக்கம் இருக்கட்டும். ரிம்முக்குள் சென்சார் வைத்தவர்கள், சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று உறையில் எழுதியிருந்தாலொழிய ஜெல் ஊற்ற வேண்டாம்.

முள் குத்தும் ஊருக்கு டிபிஎம்எஸ் அருமையான துணை என்பதையும் சொல்லியாக வேண்டும். கருவேல முள் டயரிலேயே ஒடிந்து நின்று நாளுக்கு 1, 2 பி.எஸ்.ஐ. என்று ஒழுகும். கண்ணுக்கும் காலுக்கும் தெரியாது. காலை எண்ணை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். இரண்டு டயரும் ஒரே அளவு இறங்கினால் அது பருவநிலை. ஒன்று மட்டும் இறங்கினால் முள்.

நெல்லிக்குப்பம் வாசகர்: பழைய புல்லட், ஸ்போக் வீல், டியூப் டயர். இதற்குப் போடலாமா?

பதில்: மூடி வகை போடலாம். டியூபின் வால்வு பெரும்பாலும் உலோகத் தண்டு என்பதால் சென்சாரைத் தாங்கும். ரிம்முக்குள் வைக்கும் வகை டியூபுக்கு ஆகாது. வால்வு நட்டை ரிம்மில் இறுக்கிவிடாமல் மூடியின் பக்கமாக மேலே ஏற்றி வையுங்கள். பிரேக் அடிக்கும்போது டயரோடு டியூப் கொஞ்சம் நகரும். நட்டு இறுகியிருந்தால் வால்வின் அடி கிழியும். தண்டு ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்துவிட்டதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் அது ஆணியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஒழுகும், அலாரம் வந்த பிறகு நிறுத்த நேரம் இருக்கும். டியூபில் ஓட்டை விழுந்தால் ஸ்போக் துளைகள் வழியாகக் காற்று மளமளவென்று போய்விடும். அலாரமும் வண்டி ஆடுவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம். அப்போது ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள், ஹேண்டில்பாரைத் தளர்வாக ஆனால் நேராகப் பிடியுங்கள். முன் டயர் போயிருந்தால் பின் பிரேக்கை மட்டும், பின் டயர் போயிருந்தால் முன் பிரேக்கை மெதுவாக. காற்று இருக்கும் வீலில்தான் பிரேக் பிடிக்க வேண்டும். கிளட்சைப் பிடித்து இடது ஓரம் ஒதுங்குங்கள்.

வில்லியனூர் வாசகர்: செல்போனில் பார்க்கும் புளூடூத் சென்சார் விலை குறைவாக இருக்கிறது. தனித் திரை அவசியமா?

பதில்: ஓட்டும்போதே எச்சரிக்கை வேண்டுமென்றால் தனித் திரை. போன் பாக்கெட்டில் இருந்தால் அலாரம் கேட்காது. பேட்டரியை மிச்சப்படுத்த போனே அந்தச் செயலியை நிறுத்திவிடும். காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்ப போன் போதும்.

முத்தியால்பேட்டை வாசகி: ஸ்கூட்டருக்கு மாட்டினேன், பின் வீலில் டக் டக் என்று சத்தம்.

பதில்: சென்சார் எங்கேயோ உரசுகிறது, ஓட்டாதீர்கள். 10 அங்குல வீலில் ரிம்முக்கும் டிரம்முக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. நடு ஸ்டாண்ட் போட்டு வீலைக் கையால் சுற்றுங்கள். எந்த இடத்திலும் 5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். இல்லையென்றால் பக்கவாட்டில் வளைந்த உலோக வால்வு போட வேண்டும், போட்ட பிறகும் அதே சோதனை. டிஸ்க் உள்ள முன் வீலில் கேலிப்பரையும் ஃபோர்க்கையும் பாருங்கள். ஏத்தர் 450எக்ஸ் போலக் கம்பெனியே துணைக்கருவியாகத் தரும் ஸ்கூட்டராக இருந்தால் அதையே வாங்குவது நிம்மதி.

கடலூர் முதுநகர் வாசகர்: கருவியின் திரைக்கு நேரடியாக பேட்டரியிலிருந்து வயர் எடுத்தோம். ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால் செல்ஃப் எடுக்கவில்லை.

பதில்: திரை 20 மில்லி ஆம்பியர்தான் இழுக்கிறது என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் மணி. உங்கள் பேட்டரி 4 ஆம்பியர் மணி என்றால் எட்டு நாளில் காலி. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரிலிருந்து எடுங்கள், இடையில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். வயரைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோகும்போது ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

குறிஞ்சிப்பாடி வாசகர்: காலையில் சாவி போட்டதும் எண்ணுக்குப் பதில் கோடு கோடாகத் தெரிகிறது. கொஞ்ச தூரம் போனதும் சரியாகிவிடுகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டதா?

பதில்: தூங்குகிறது. வண்டி நிற்கும்போது பேட்டரியை மிச்சப்படுத்தச் சென்சார் அனுப்புவதைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். வீல் சுற்றுவதை உணர்ந்ததும் விழிக்கும். சிலவற்றுக்கு 20, 30 கிலோமீட்டர் வேகம் தேவை. ஆகவே அந்தக் கோடு மறையும் வரை உங்களுக்குக் காவல் கிடையாது. கிளம்பும் முன் டயரைக் கையால் அழுத்தி, கண்ணால் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பத்து நிமிடம் ஓடியும் கோடு மறையவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

மூடி வகையில் பெரும்பாலும் சி.ஆர்.1632, சி.ஆர்.1225 அல்லது சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். ஒன்று, இரண்டு வருடம் வரும். எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். 1632க்குப் பதில் 1620 போட்டால் தொடர்பு விட்டுவிட்டுப் போகும். மேல் மூடியைத் திறந்ததும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தைப் பாருங்கள். அது தட்டையாகியிருந்தால் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் பூசி மூடுங்கள். நம் ஊர் மழையில் செத்துப்போகும் சென்சார்களில் பல, பேட்டரி மாற்றியபோது ஓ ரிங் பிசகியவை. 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளம் போல முழு வீலும் தண்ணீரில் நின்ற வண்டியாக இருந்தால், சென்சாரைத் திறந்து துடைத்துக் காயவைத்து, புதுப் பேட்டரி போட்ட பிறகே மாட்டுங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் எடுக்கும் இடத்தில் வைக்காதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

கோரிமேடு வாசகர்: சட்டப்படி இது கட்டாயமா?

பதில்: டூவீலருக்கு இந்தியாவில் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும், ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது.

புதுச்சேரி, மிஷன் வீதி வாசகர்: வாடகைக்கு வண்டி விடுகிறோம். பன்னிரண்டு வண்டிக்கும் புளூடூத் சென்சார் போட்டு ஒரே போனில் பார்க்கலாமா? பஞ்சர் பார்த்து வந்த பிறகு முன் எண் பின்னுக்கும் பின் எண் முன்னுக்கும் மாறிவிடுகிறது.

பதில்: பார்க்கலாம். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. செயலி அதைத்தான் அறியும், எந்த வீலில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கடையில் இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினால் எண்ணும் மாறும். சென்சாரின் மேல் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும், முன்னா பின்னா என்பதையும் பெயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். செயலியிலும் அதே பெயர் வையுங்கள். இருபத்துநாலு சென்சாரையும் பதியும்போது மற்றவற்றைத் தள்ளி வைத்து ஒவ்வொன்றாகப் பதியுங்கள், பக்கத்து வண்டியின் எண் தவறிப் பதிந்துவிடும். ஒரு நல்ல கேஜ் கடையில் இருக்கட்டும். சென்சார்களில் ஒன்றரை பி.எஸ்.ஐ. வரை கூடக்குறைய இருக்கும் என்பதால், முதல் நாளே ஒவ்வொன்றும் கேஜிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் கடைக்கு அனுப்பும்போது சாவியோடு அந்தச் சின்ன அறுகோண ஸ்பேனரையும் கொடுத்தனுப்புங்கள். அது இல்லாமல்தான் பிளையர் வெளியே வருகிறது. ரிம்முக்குள் சென்சார் உள்ள வண்டி ஏதாவது இருந்தால், டயரின் ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இறக்கச் சொல்லி டேங்க் மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.